தண்ணீருக்குள் மோட்டார், தரையில் ஷாக்

தண்ணீரும் கரண்டும் ஒன்று சேரக்கூடாது என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் வீட்டில் பெரியவர்கள் கத்துவார்கள். ஆனால் அதே வீட்டின் பின்புறம், ஆழ்துளைக் கிணற்றுக்குள் முந்நூறு அடிக்குக் கீழே, முழுக்க முழுக்கத் தண்ணீரில் மூழ்கியபடி ஒரு மின்மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்! அதைப்பற்றி யாரும் பயப்படுவதில்லை.

பயப்படாததில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. போர்வெல்லின் அடியில் இருக்கும் மோட்டாரை யாரும் தொடப்போவதில்லை. ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் மேலேதான். ஸ்டார்ட்டர் பெட்டியில், கேபிள் ஜாயின்ட்டில், ஈரத்தரையில் நின்றுகொண்டு பிடித்த இரும்புக் குழாயில். இந்தியாவில் சமீப ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. மோட்டார் ரூமில் நடந்தது எத்தனை, கம்பி அறுந்து விழுந்து நடந்தது எத்தனை என்று அதில் தனியாகப் பிரித்திருக்க மாட்டார்கள். ஆனால் கிராமத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் ஒரு மோட்டார் ரூம் கதையாவது சொல்வார்கள்.

தண்ணீருக்குள் இருக்கும் மோட்டார் பத்திரமாக ஓடுகிறது, தரையில் நிற்கும் மனிதன் ஷாக் அடித்து விழுகிறான். ஏன் இப்படி? இதற்கான பதில் இரண்டு தனித்தனி வரலாறுகளில் இருக்கிறது. தண்ணீரிடமிருந்து மோட்டாரைக் காப்பாற்ற வழி கண்டவர்கள் ஒரு பக்கம். கரண்டிடமிருந்து மனிதனைக் காப்பாற்ற வழி கண்டவர்கள் இன்னொரு பக்கம். முதல் வேலை சீக்கிரம் முடிந்து ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வேலையும் முடிந்துவிட்டது, ஆனால் வயல்காட்டுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

முதலில் மோட்டாரை ஏன் தண்ணீருக்குள் இறக்க வேண்டும்? மேலே வைத்து உறிஞ்சினால் போதாதா? போதாது. 1638-இல் வெளிவந்த தன் நூலில் கலிலியோ இதைப்பற்றி எழுதியிருக்கிறார். உறிஞ்சும் பம்பால் பதினெட்டு முழத்துக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியவில்லை என்பது அவர் கவனித்த விஷயம். காரணத்தை அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சில ஆண்டுகளில் அவருடைய சீடர் டாரிசெல்லி, தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம்தான் என்று காட்டினார். அந்த அழுத்தத்தால் சுமார் 10.3 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்க முடியாது. நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டர் வந்தாலே பெரிய விஷயம். அதற்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் பம்ப்தான் தண்ணீரைத் தேடிப் போக வேண்டும்.

போனது, ஆனால் முதலில் தண்ணீருக்காக இல்லை, எண்ணெய்க்காக. அர்மாய்ஸ் அருட்டுனாஃப் என்பவர் 1893-இல் டிஃப்லிஸ் நகரத்தில் (இன்றைய ஜார்ஜியாவின் டிபிலிசி) பிறந்த ஆர்மீனியர். அன்றைய ரஷ்யப் பேரரசில் மின்மோட்டார் கம்பெனி ஆரம்பித்தார். புரட்சிக்குப் பிறகு ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து 1923-இல் அமெரிக்கா சென்றார். எண்ணெய்க் கிணற்றின் குறுகலான குழாய்க்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியாக, நீளமாக ஒரு மோட்டார் செய்து அதை அடியிலேயே இறக்கிவிடலாம் என்றார். இது நடக்காத காரியம் என்று பலரும் கையை விரித்துவிட்டார்கள். 1920-களின் கடைசியில் கான்சாஸ் மாநில எண்ணெய் வயல் ஒன்றில் அது ஓடியே விட்டது. அவர் மோட்டாரின் உள்ளே எண்ணெய் நிரப்பி, வெளியே இருக்கும் திரவம் உள்ளே வராதபடி நடுவில் ஒரு தடுப்புப் பகுதியை வைத்திருந்தார். ரேடா என்ற அவருடைய கம்பெனிப் பெயர் எண்ணெய்க் கிணற்று பம்புகளில் பல பத்தாண்டுகள் ஒலித்தது.

அதே சமயத்தில், 1929-இல், பெர்லினில் ப்ளூகர் என்ற கம்பெனி தண்ணீருக்கான நீர்மூழ்கி பம்பைக் கொண்டுவந்தது. இதில் ஒரு சுவாரஸ்யம். தண்ணீரை மோட்டாருக்குள் வராமல் தடுப்பதற்குப் பதிலாக, உள்ளேயே தண்ணீரை நிரப்பிவிட்டார்கள்! சுருளில் இருக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் தண்ணீர் புகாத உறை போட்டுவிட்டால், மோட்டார் முழுக்க நனைந்தால்தான் என்ன? தண்ணீரே அதைக் குளிர வைக்கும், பேரிங்குக்கு வழுவழுப்பும் கொடுக்கும். இன்றும் கோயம்புத்தூரில் செய்யப்படும் பல நீர்மூழ்கி மோட்டார்களைக் கிணற்றில் இறக்குவதற்கு முன், அதன் துளையைத் திறந்து நல்ல தண்ணீரை ஊற்றி நிரப்புவார்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு, "மோட்டாருக்குள்ளேயே தண்ணி ஊத்துறாங்களே!" என்று தூக்கிவாரிப் போடும். பிறகு 1950-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ஃபிராங்க்ளின் எலக்ட்ரிக் கம்பெனி தண்ணீரால் உயவாகும் சிறிய நீர்மூழ்கி மோட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, சாதாரண வீட்டுக் கிணறுகளுக்கும் அது கிடைக்க ஆரம்பித்தது. ஆக, மோட்டாரின் பிரச்சினை இருபதே ஆண்டுகளில் தீர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு மாதிரி. 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்ததும் கோவைப் பக்கம் நூல் ஆலைகளோடு கிணற்று மோட்டார்களும் பெருகின. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்துகாட்டினார்கள். கவலை ஓட்டிய மாடுகளின் இடத்தை மோட்டார் பிடித்தது. ஆனால் அது தரையில் இருக்கும் மோட்டார். தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரையும் கீழே இறக்கினார்கள். கிணற்றுக்குள்ளேயே பக்கச்சுவரில் மேடை கட்டி அதில் வைத்தார்கள். தண்ணீர் ஊற்றி பம்பைத் தயார்செய்ய ஒருவர் வழுக்கும் படிகளில் கேபிளை ஒட்டியபடி இறங்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் மோட்டார் மூழ்குவதற்குள் மேலே தூக்க வேண்டும். இப்படியெல்லாம் பார்த்தால், பிறகு போர்வெல்லும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தது விவசாயிக்கு ஒரு வகையில் பெரிய பாதுகாப்புதான். இறங்க வேண்டாம், தூக்க வேண்டாம், மேலே நின்று பச்சை பட்டனை அமுக்கினால் போதும்.

அந்தப் பச்சை பட்டன் இருக்கும் இரும்புப் பெட்டியில்தான் அடுத்த கதை ஆரம்பிக்கிறது.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வரும் பேஸ் கம்பி ஒன்றின் உறை தேய்ந்து, அல்லது எலி கடித்து, பெட்டியின் தகட்டைத் தொட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு எர்த் கொடுத்திருக்கிறார்கள். பீஸ் போய்விடும், ஆபத்து இல்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். எர்த் கம்பி மண்ணோடு சேரும் இடத்தில் 20 ஓம் தடை இருக்கிறது என்றால், 230 வோல்ட்டை 20-ஆல் வகுக்க வேண்டும். 11.5 ஆம்பியர் வரும். பீஸ் கட்டையில் இருப்பது 30 ஆம்பியர் கம்பி (பல இடங்களில் அதைவிடத் தடியான ஏதோ ஒரு செப்புக் கம்பி!). 11.5 ஆம்பியருக்கு அது சூடுகூட ஆகாது. மின்சாரம் பெட்டியிலிருந்து மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும், பெட்டியின் மேல் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் நிற்கும். இதில் 20 ஓம் என்பது நல்ல மண்ணுக்கு. கோடையில் காய்ந்து வெடித்த மண்ணில் தடை இன்னும் பல மடங்கு ஏறும். உப்பும் கரியும் போட்ட எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான்.

நனைந்த உடம்பின் தடையைச் சுமார் ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 200 வோல்ட் பெட்டியைத் தொட்டவர் வழியாக 200 மில்லி ஆம்பியர் பாயும். பீஸைப் பொறுத்தவரை இது ஒரு பொருட்டே இல்லை. பீஸ் கண்டுபிடிக்கப்பட்டது கம்பியும் வீடும் எரியாமல் இருப்பதற்காக. மனிதன் அதன் கண்ணில் படவே மாட்டான்.

அப்படியென்றால் மனிதன் எவ்வளவு தாங்குவான்? இதை அளந்து பார்த்தவர் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். 1940-களில் அவர் செய்த சோதனையை இன்று எந்தக் கல்லூரியிலும் செய்ய விடமாட்டார்கள். தாங்களாக முன்வந்தவர்களின் கையை உப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு செப்புக் கம்பியைப் பிடிக்கச் சொல்வார். கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை ஏற்றுவார். எந்த அளவில் தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகிறது என்பதைக் குறித்துக்கொள்வார். மொத்தம் 134 ஆண்கள், 28 பெண்கள். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. கிட்டத்தட்ட எல்லோருமே கையை எடுத்துவிட முடிகிற அளவு எது என்று பார்த்தால் ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6 மில்லி ஆம்பியர்தான்.

கிராமத்தில் "கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். கரண்ட் பிடிப்பதில்லை, நம் கையேதான் பிடித்துக்கொள்கிறது. விரலை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. இரண்டும் ஒன்றாக இறுகும்போது மடக்கும் தசை ஜெயித்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன்களில் சிலர் சந்தேகமான பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது இந்த அனுபவத்தில்தான். (அதுவும் ஆபத்துதான். டெஸ்டர் என்று ஒன்று இருக்கிறது.)

இதயத் துடிப்பு எப்போது தாறுமாறாகும் என்பதை மனிதரிடம் சோதிக்க முடியாது. நாய், ஆடு போன்ற விலங்குகளில் கிடைத்த அளவுகளை வைத்து டால்சீல் ஒரு சூத்திரம் சொன்னார். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, 116-ஐ வினாடியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் மில்லி ஆம்பியர்தான் எல்லை. ஒரு வினாடி என்றால் 116. கால் வினாடி என்றால் 232. முக்கியமானது அதில் இருக்கும் நேரம். மின்சாரத்தைச் சீக்கிரம் நிறுத்திவிட்டால், பெரிய அடியிலிருந்துகூட ஆள் பிழைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 200 மில்லி ஆம்பியர் ஆள், கால் வினாடிக்குள் லைன் போய்விட்டால் வீட்டுக்கு நடந்து போவார்.

அவ்வளவு வேகமாக நிறுத்துவது யார்? போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்க்கும் கருவி. கம்பிகள் எல்லாவற்றையும் ஒரு இரும்பு வளையத்துக்குள் விட்டால், எல்லாம் சரியாக இருக்கும்போது அவற்றின் காந்தவிளைவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கொஞ்சம் கரண்ட் வேறு வழியில், ஒரு மனிதன் வழியாக, மண்ணுக்குப் போனால் கணக்கு உதைக்கும். உடனே லைனைத் துண்டித்துவிடும். இந்த யோசனைக்கு ஜெர்மனியில் 1928-லேயே ஒரு மின்நிறுவனம் காப்புரிமை கேட்டிருக்கிறது. அதாவது, பெர்லினில் நீர்மூழ்கி பம்ப் வந்ததற்கு ஓராண்டு முன்பு! ஆனால் ஒரு மனிதனைக் காப்பாற்றும் அளவுக்கு நுட்பமாக அதைச் செய்ய இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அதைச் செய்தவர் தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர். அங்கே தங்கச் சுரங்கங்களில் ஈரமும் மின்சாரமும் ஒன்றாக இருந்தன. அதுவரை இருந்த இந்த வகைக் கருவிகள் சுமார் 10 ஆம்பியர் கசிந்தால்தான் அசையும். 1955-இல் ரூபின் அதை 250 மில்லி ஆம்பியருக்குக் கொண்டுவந்தார். சுரங்கங்களில் அது நன்றாகவே வேலை செய்தது, ஆனால் ஆளைக் காப்பாற்ற அது போதாது. 1956 ஆரம்பத்தில் 12.5 முதல் 17.5 மில்லி ஆம்பியருக்கே துண்டிக்கும் ஒன்றைச் செய்துவிட்டார். டிரான்சிஸ்டர்கள் அப்போது நம்பகமாக இல்லாததால் காந்தச் சுருள்களை வைத்தே செய்தது இது. ஸ்டில்ஃபோன்டைன் என்ற சுரங்கக் குடியிருப்பில் ஒரு பெண் வீட்டில் மின்சாரம் தாக்கி இறந்தார். அதற்குப் பிறகு 1957, 58-இல் அந்தக் குடியிருப்பின் சில நூறு வீடுகளில் 20 மில்லி ஆம்பியர் கருவிகளைப் பொருத்தினார்கள். இன்று கடைகளில் ஈ.எல்.சி.பி., ஆர்.சி.சி.பி. என்று கேட்டு வாங்குவது இந்த வம்சத்தில் வந்ததுதான்.

ஆஸ்திரியாவில் காட்ஃப்ரீட் பீகல்மெயர் இதே வேலையில் இறங்கி, உடம்பின் தடையை அளக்கத் தன் உடம்பிலேயே மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்தார். டால்சீல் 1961-இல் டிரான்சிஸ்டர் வைத்த கருவியைச் செய்தார். அமெரிக்க மின்சட்டத் தொகுப்பில் அது முதலில் கட்டாயமானது 1968-இல், நீச்சல்குளத்தின் தண்ணீருக்குள் இருக்கும் விளக்குகளுக்கு. இது கவனிக்க வேண்டிய இடம். தண்ணீருக்குள் மின்சாரம் கசிந்தால், நீந்துபவர் எதையும் தொடாமலேயே மாட்டிக்கொள்வார். இதயம் நிற்க வேண்டியதில்லை, கைகால் இழுத்துப் பிடித்தாலே மூழ்கிவிடுவார். திறந்த கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் ஓடும்போதே பிள்ளைகள் குதித்துக் குளிப்பதும், மழைநீர் தேங்கிய கீழ்த்தளத்தில் பம்ப் ஓட ஓட உள்ளே இறங்கி நிற்பதும் இதே நிலைமைதான். போர்வெல்லுக்குள் யாரும் இறங்க முடியாது என்பதே அதன் பெரிய பாதுகாப்பு. திறந்த கிணற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இனி வயலுக்குத் திரும்பலாம். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும் என்றன. நல்ல விதி, தரையில் இருக்கும் மோட்டாருக்கு. நீர்மூழ்கி மோட்டாருக்குப் போகும் தட்டை கேபிளில் பொதுவாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே கம்பிகள். மூன்றும் பேஸ். எர்த்துக்கு நான்காவது கம்பி கிடையாது. இரும்புக் குழாயில் மோட்டார் தொங்கிய காலத்தில் அந்தக் குழாயே ஒருவகை எர்த் கம்பியாக இருந்தது. பிறகு துருப்பிடிக்காத, எடை குறைந்த பிளாஸ்டிக் குழாய் வந்தது. நைலான் கயிற்றில் மோட்டாரைக் கட்டி இறக்க ஆரம்பித்தார்கள். அப்போது அந்த எர்த் சத்தமில்லாமல் காணாமல் போனது. தனியாக ஒரு எர்த் கம்பி விடுபவர்கள் குறைவு.

2010-இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கசிவுத் துண்டிப்பானுக்கு வீடுகளில் 30 மில்லி ஆம்பியர், மற்ற இடங்களில் 100 மில்லி ஆம்பியர் என்று உச்ச அளவு வைத்தன (2023-இல் இவற்றின் இடத்தில் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன). டால்சீலின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 100 என்பது இடிக்கிறது. 40 மில்லி ஆம்பியரில் கையை எடுக்க முடியாமல் ஒருவர் துடித்துக்கொண்டிருந்தாலும் 100-க்குச் செட் செய்த கருவி சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் விவசாயியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நீளமான கேபிள், வயதான வைண்டிங், தண்ணீருக்குள் நான்கைந்து ஆண்டுகளாகக் கிடக்கும் ஜாயின்ட். இவற்றில் எப்போதுமே கொஞ்சம் கசிவு இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கருவியை மாட்டினால் அடிக்கடி விழும். த்ரீ பேஸ் சப்ளையே சில மணி நேரம்தான் என்றால், அதுவும் நடுராத்திரியில் என்றால், பயிர் காயும்போது அந்தக் கருவியைத் தாண்டி நேர் கனெக்‌ஷன் கொடுக்கத்தான் தோன்றும். உண்மையில் அந்தக் கருவி சொல்வது, ஜாயின்ட் போய்விட்டது, மோட்டாரை மேலே எடு என்பதைத்தான். மோட்டாரை மேலே எடுப்பதற்கு ஆள் கூலி, வண்டி வாடகை என்று ஒரு தொகை ஆகும். ஒரு மெக்கரை வைத்து அளந்து பார்த்தால் எடுக்காமலேயே உண்மை தெரிந்துவிடும். அந்த அளவைக் குறித்து வைக்கும் பழக்கம்தான் இல்லை. கசிவு கரண்ட் பில்லிலும் தெரியாது. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் பில்லே கிடையாது.

மோட்டாரை எடுக்கும் நாளில் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. சிவப்பு பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட்டர் மட்டும்தான் நிற்கும், அதன் மேல்முனையில் மூன்று பேஸும் அப்படியே இருக்கும். மெயினை இறக்கி, மூன்று பீஸ் கட்டைகளையும் கழற்றி, வேலை முடியும்வரை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழைய லைன்மேன் பழக்கம் அதனால்தான் வந்தது. கப்பாசிட்டர் இருந்தால் அதிலும் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

இதையெல்லாம் செய்தபிறகும் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். தெருவை விட்டு விலகி வயல்வெளியில் போகும் உறையில்லாத மின்கம்பிகள், 11,000 வோல்ட் லைன் உட்பட, தரையிலிருந்து 4.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும் என்பது பழைய விதி. அதாவது பதினைந்து அடி. போர்வெல்லிலிருந்து செங்குத்தாக உருவும் ஒரு முழு இரும்புக் குழாயின் நீளம் இருபது அடி. அந்தக் கம்பியில் குழாய் பட்டால் மோட்டார் ரூமில் இருக்கும் எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அந்த மின்சாரம் அந்தக் கருவியின் வழியாக வரவே இல்லை. எங்கே போர் போடலாம் என்று தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களிடம், கம்பிக்கு நேர் கீழே மட்டும் புள்ளி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடலாம்.